விளாத்திமோட்டை வரைபடமும் இரண்டு ஜிபி மெமரியும்

பழைய லப்டொப்பில் மெமரி கூட்டுவது எப்படி என்று உங்களுக்குப் பயிற்சி தந்தவர்கள் சொல்லியிருப்பார்கள். மின்னிணைப்பை எடுங்கள், பின்மூடியைக் கழற்றுங்கள், இரண்டு பக்கக் கொக்கிகளையும் விலக்குங்கள், புதிய தகட்டைச் சரித்து வைத்து அழுத்துங்கள். கிளிக் என்று ஒரு சத்தம் கேட்கும். மூடியைப் பூட்டுங்கள். ஆறுதலாகச் செய்தாலும் பத்து நிமிடம். நானும் ஒரு முறை அந்த வேலையைச் செய்தேன். எனக்கு நான்கு மாதம் எடுத்தது. நான்கு மாத முடிவில் அந்த லப்டொப்பில் மெமரி கூடியிருக்கவும் இல்லை.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். என் சேவைக்காலத்து வெற்றிகளை எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் அது முடிந்துவிட்டது. மிச்சப் பக்கங்களுக்காக இதை எழுதுகிறேன்.

வன்னியில் காட்டோரமாக இருக்கும் ஓர் அரச அலுவலகத்தில் கணினிகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தராக இருந்தேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் நல்ல மனிதர்கள் வேலை செய்கிறார்கள். கணினியை விட எனக்கு நடைமுறைகள் நன்றாகத் தெரியும். எந்தப் பொருளை எந்தப் படிவத்தில் கேட்பது, யார் சிபாரிசு செய்வது, யார் அனுமதிப்பது, பழுதானதை எந்தக் குழு பார்ப்பது என்று நித்திரையிலும் சொல்லுவேன். சுற்றறிக்கைகளை அவற்றை எழுதியவர்களைவிட நான் கவனமாகப் படித்திருக்கிறேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அலுவலகத்தில் ஒரு லப்டொப் இருந்தது. ஏதோ ஒரு திட்டம் முடிந்தபோது அவர்கள் விட்டுப்போனது. இரண்டு ஜிபி மெமரி. பற்றரி செத்து வருடக்கணக்கு. வயரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும். காலையில் ஆளியை அழுத்திவிட்டுப் போய்க் கையொப்பமிட்டு, தேநீர் குடித்து, பக்கத்து அறையில் கொஞ்சம் கதைத்துவிட்டு வந்தால் முகப்புப் படம் தெரியத் தொடங்கியிருக்கும். யாரும் முறையிட்டதில்லை. அரச அலுவலகத்தில் ஒருவரை அவசரப்படுத்தாத இயந்திரத்துக்கு எதிரிகள் இருப்பதில்லை.

அந்த லப்டொப்பை யசிந்தாவிடம் கொடுத்தார்கள்.

யசிந்தா அபிவிருத்தி உத்தியோகத்தர். முல்லைத்தீவுக் கரையோரத்துக் கடற்றொழில் குடும்பத்துப் பிள்ளை. தகப்பன் வலை விரித்த இடத்தைக் கரையில் நின்று விரல் நீட்டிக் காட்டக்கூடியவர் என்றாலும், காட்டுப்பக்கம் அவருக்குச் சரிவராது என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவரோ இரண்டு மாரியும் இரண்டு கோடையும் காட்டோரக் கிராமங்களில் நடந்தே திரிந்தார். யானை எங்கே இறங்கியது, எந்த வேலியை உடைத்தது, எந்த வாழையைச் சாய்த்தது என்று கேட்டுக் கேட்டு, அந்தந்த இடத்தில் நின்று தொலைபேசியில் புள்ளி குறித்தார். புள்ளிகளை மாதம் மாதமாகப் பிரித்து ஒரு வரைபடத்தில் ஏற்றினார். யாரும் அவரை இதைச் செய்யச் சொல்லவில்லை. ஆகவே யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை.

அந்த வருடம் எங்கள் பிரிவுக்கு யானை மின்வேலி ஒன்று வந்தது. வேலி பிரதான வீதியோரமாகப் போவதாகத் திட்டம். வாகனம் போய்ப் பராமரிப்பது இலகு, கம்பி ஏற்றி இறக்குவது இலகு, கடதாசியில் கோடு போடுவதும் இலகு. ஒரேயொரு சிக்கல், விளாத்திமோட்டை என்ற குடியிருப்பு வீதிக்கு அந்தப் பக்கம், காட்டுப் பக்கமாக இருந்தது. முப்பத்தொரு வீடுகள். வேலி வீதியோரமாகப் போனால் ஊரெல்லாம் வேலிக்கு உள்ளே, விளாத்திமோட்டை மட்டும் யானைகளோடு வெளியே. இந்தப் பக்கம் வர முடியாத யானைகள் எல்லாம் அங்கேதான் நிற்கும். ஊரைக் காக்கும் வேலி அந்த முப்பத்தொரு வீட்டுக்கு மட்டும் பொறி.

யசிந்தாவின் புள்ளிகள் இதைத்தான் சொல்லின. வேலி பற்றி எங்கள் பிரிவில் நடந்த முதல் கூட்டத்துக்கு வரைபடத்தை அச்சிட்டுக் கொண்டுபோனார். எங்கள் அச்சுப்பொறி சாதாரணத் தாளைத் தவிர வேறு எதையும் அறியாதது. முழுப் பிரிவும் ஒரு தாளில் அடங்கியதால் இருநூறு சொச்சம் புள்ளிகளும் மிளகுத்தூள் கொட்டுண்டது போலக் கிடந்தன. வெளித் திணைக்களம் ஒன்றிலிருந்து வந்த அதிகாரி தாளைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்துவிட்டு, “இது ஆனையோ எறும்போ, பிள்ளை?” என்று கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

“எறும்பெண்டால் வேலி தேவையில்லைத்தானே சேர்” என்றார் யசிந்தா.

அடுத்த கூட்டத்தில் திரையில் பெரிதாக்கிக் காட்டும்படி முடிவானது. அதற்கென்று காட்டின் செய்மதிப் படம் ஒன்றும் கிடைத்தது. அதை ஏற்றியதும் லப்டொப் மூச்சுவிட மறந்தது. திறக்க அரை மணித்தியாலம்; சில நாட்களில் பாதியிலேயே உறைந்துவிடும். வேறு கோப்பாகச் சேமிக்கச் சொன்னாலும் உறைவு. அலுவலகத்தின் மற்றக் கணினிகள் இதைவிட வயதானவை. யசிந்தா என்னிடம் வந்தார்.

பிரச்சினை எனக்கு உடனே விளங்கியது. மெமரி போதாது. நான்கு ஜிபித் தகடு ஒன்று மேலதிகமாகப் போட்டால் போதும். கொள்வனவுப் படிவத்தை எடுத்தேன்.

இங்கே என் முதல் பிழை. எந்த வகை மெமரி என்று படிவத்தில் எழுதவேண்டும். அதை அறிய லப்டொப்பைத் திறந்து பார்க்கவேண்டும். திருப்பிப் பார்த்தேன். பொருட்பதிவேட்டு இலக்கம் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை எனாமல் பெயின்ரில் எழுதப்பட்டிருந்தது. எங்கள் அலுவலகங்களில் கதிரை, மேசை, அலுமாரி, மின்விசிறி எல்லாவற்றிலும் அப்படி இலக்கம் எழுதும் வழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். இலக்கத்தின் நடு எழுத்துகள் ஸ்குரூக்களின் தலைக்கு மேலாகப் போயிருந்தன. தலையின் பள்ளத்தில் பெயின்ற் இறுகிக் கல்லாகிவிட்டது.

ஊசியால் கிண்டினால் ஐந்து நிமிடத்தில் போயிருக்கும். ஆனால் பதிவேட்டில் அந்த லப்டொப்பின் விபரம் முழுக்க இருந்தது. மெமரி வகை கூட. எழுத்தில் இருக்கும்போது எதற்காகக் கிண்டவேண்டும்? பதிவேட்டைப் பார்த்து எழுதினேன். சிபாரிசு, அனுமதி, மூன்று விலைமனு எல்லாம் முறையாக நடந்தன. இரண்டு மாதத்தில் வவுனியாவிலிருந்து தகடு வந்தது. ஸ்குரூவைக் கிண்டித் திறந்து, தகட்டைப் பொருத்தப் பார்த்தேன். தகட்டின் பல் வெட்டு ஓரிடத்தில், அது போய் உட்காரும் துளையின் மேடு இன்னோரிடத்தில். அது வேறு தலைமுறை மெமரி. அதே திட்டம் விட்டுப்போன, ஏற்கெனவே செத்துப்போன இன்னொரு லப்டொப்பின் விபரத்தை யாரோ பதிவேட்டில் இரண்டின் பக்கத்திலும் எழுதியிருந்தார்கள்.

எழுத்து யாருடையது என்று பார்த்தேன். என்னுடையது.

தம்பிமார், தங்கைமார், பதிவேடு என்பது ஒருவர் ஒருநாள் களைத்துப்போயிருந்தபோது எழுதியது. பொருள் உங்கள் கையில் இருக்கும்போது பதிவேட்டிடம் போய்க் கேட்காதீர்கள்.

தகட்டை மாற்றி எடுக்க மீண்டும் நாட்கள் போயின. கூட்டத்துக்கு முதல் நாள் பின்னேரம் சரியான தகடு வந்து சேர்ந்தது. அன்றே போட்டிருக்கலாம். ஆனால் வந்த பொருள் முதலில் களஞ்சியத்துக்குப் போய்ப் பதிவாகவேண்டும். நடைமுறை. ஏற்புப் படிவத்தில் கையெழுத்து வைத்துக் களஞ்சியப் பொறுப்பாளர் கதிர்காமு அண்ணரிடம் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

கதிர்காமு அண்ணரை நீங்கள் தெரிந்திருக்கவேண்டும். முப்பது வருடம் இலக்கம் எழுதியவர். அச்சடித்தது போல எழுத்து. அவருடைய காலத்தில் எங்கள் அலுவலகத்தில் ஒரு கதிரை காணாமல்போனதில்லை.

மறுநாள் கூட்டம் பத்து மணிக்கு. எட்டரைக்குப் போனேன். யசிந்தா ஏற்கெனவே வந்திருந்தார். விளாத்திமோட்டையிலிருந்து மனோன்மணி அக்கா முதல் பஸ்ஸில் வந்து வெளியே வாங்குப் பலகையில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும், அந்தக் குடியிருப்பின் விவசாயிகள் சார்பில் கூட்டத்துக்கு வரும் பெண். பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக் காணிக்கு வந்து குடியேறியவர்கள். அதிகம் கதைக்கமாட்டார், கதைத்தால் குறைவாகச் சொன்னதற்காக நாங்கள் நன்றி சொல்லவேண்டியிருக்கும்.

களஞ்சியத்திலிருந்து தகட்டை வாங்கினேன். சின்ன உறையிலிருந்து எடுத்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தகட்டின் அடி விளிம்பில், துளைக்குள் போகும் தங்கப் பற்களின் மேல், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை, அழகான வெள்ளை எழுத்தில் பொருட்பதிவேட்டு இலக்கம் எழுதப்பட்டிருந்தது.

“என்ன அண்ணை இது?” என்றேன்.

“மற்ற இடமெல்லாம் கறுப்புக் கறுப்பாய்க் கட்டி. எழுத இடமில்லை. அதிலதான் கொஞ்சம் தட்டையாய் இருந்தது” என்றார் அண்ணர். “ஒற்றை மயிர் பிரஷ்ஷால எழுதினது. கஷ்டப்பட்டனான்.”

கோபம் வந்தது. ஏச வாயெடுத்தேன். அண்ணர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். முந்திய வருடம் மின்விசிறி ஒன்று களவுபோனபோது அலுவலகத்துக்குள் சுற்றிய அறிவித்தல். ‘சிறியதோ பெரியதோ, கொள்வனவு செய்யப்படும் ஒவ்வொரு பொருளிலும் விதிவிலக்கின்றி அழியாத பெயின்ரினால் இலக்கமிடப்படல் வேண்டும்.’ வரைந்தவர் நான். ‘விதிவிலக்கின்றி’ என்பதன் கீழே கோடு போட்டவரும் நான்தான்.

“நீங்கள் எழுதினதைத்தான் செய்தனான்” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது.

நீங்களும் ஒருநாள் அறிவித்தல் எழுதுவீர்கள். ‘விதிவிலக்கின்றி’ என்று எழுதுமுன் உங்கள் அலுவலகத்திலுள்ள ஆகச் சிறிய பொருளை நினைத்துப் பாருங்கள்.

நம்பிக்கையில்லாமல் போட்டுப் பார்த்தேன். லப்டொப் மூன்று முறை பீப் என்று கத்தியது, திரை கறுப்பாகவே நின்றது. மணி ஒன்பது ஐந்து. அண்ணர் தின்னர்ப் போத்தலும் துணியும் கொண்டுவந்தார். ஓர் இரவு காய்ந்த பெயின்ற் கரைந்தது, ஆனால் போகவில்லை. பற்களுக்கு நடுவே வெள்ளையாகப் பரவியது. நான் சவர அலகு ஒன்றை எடுத்துச் சுரண்டத் தொடங்கினேன். பெயின்ரோடு ஒரு பல்லின் தங்கமும் கொஞ்சம் கழன்றது. மணி ஒன்பது இருபத்தைந்து.

அந்த நேரத்தில் என் மனதில் விளாத்திமோட்டை இல்லை. நான் வாங்கிய மெமரி, நான் எழுதிய அறிவித்தல், என் கையில் தோற்கக்கூடாது, அவ்வளவுதான் இருந்தது. ஒரு பல் போனால் என்ன, அடுத்ததைக் கவனமாகச் சுரண்டுவோம், ஈரத்தோடு இன்னொருமுறை போட்டுப் பார்ப்போம் என்றிருந்தேன். ஈரத் தின்னரோடும் பெயின்ற் துகளோடும் துளைக்குள் அழுத்தியிருந்தால் துளையும் போயிருக்கும். இருந்த இரண்டு ஜிபியும் வேலை செய்திருக்காது.

யசிந்தா மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“சேர், கையை எடுங்கோ” என்றார்.

“இன்னும் ஐஞ்சு நிமிசம், பிள்ளை.”

“இப்ப ஒன்பதரை. பழசோட திறக்க அரை மணித்தியாலம் வேணும். நீங்கள் விட்டால் எனக்கு மெதுவான படம் ஒண்டு இருக்கு. விடாட்டில் ஒண்டும் இல்லை.”

எங்கள் தொழிலில் கற்பிக்கப்படாத பாடம் இது. திருத்துவது எப்படி என்று சொல்லித்தருவார்கள். திருத்துவதை எப்போது நிறுத்துவது என்று சொல்வதில்லை. நேரம் முடியும்வரை முயன்றவனை எல்லோரும் பாராட்டுவார்கள்; வேலை கெட்டாலும் பாராட்டுவார்கள். நேரம் இருக்கும்போதே நிறுத்தியவனை யாரும் கவனிப்பதில்லை. நான் நிறுத்தினேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் யசிந்தா அலகை என் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தார்.

மூடியைப் பூட்டிக் கூட்ட மண்டபத்துக்குக் கொண்டுபோய் வயரைக் குத்தி ஆளியை அழுத்தியபோது பத்துக்குப் பத்து. பத்து மணிக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்தபோது முகப்புப் படம்கூட வரவில்லை.

கூட்டத் தலைவர் நல்ல மனிதர். வேறு இரண்டு விடயங்களை முதலில் எடுத்தார். பிறகு யசிந்தாவைப் பார்த்தார். யசிந்தா வரைபடத்தைத் திறந்தார். வெள்ளைத் திரை. இரண்டு நிமிடம். யாரோ இருமினார்கள். நான் பின்வரிசையில் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது திரையின் மேல் மூலையில் ஒரு சதுரம் வந்தது. கரும்பச்சைக் காடு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சதுரம். காட்டுக்கு நடுவே கலங்கிய கண்ணாடித் துண்டுபோல ஒரு நீர்நிலை.

“அது பெரிய மோட்டை” என்றார் மனோன்மணி அக்கா, கடைசிக் கதிரையிலிருந்து. யாரும் அவரைக் கேட்கவில்லை. ஆனால் மண்டபத்தில் செய்வதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“கோடையில அதுகள் தண்ணிக்கு நிக்கிற இடம்” என்றார். “அங்கயிருந்துதான் இறங்கும்.”

மூன்றாவது சதுரம், நான்காவது சதுரம். கூரைகள் தெரிந்தன. தலைவர் எந்தக் கூரை யாருடையது என்று கேட்டார், அக்கா சொன்னார். படம் முழுக்க வந்து முடிய, புள்ளிகள் மாத வரிசையில் ஒவ்வொரு கூட்டமாக விழத் தொடங்கின. ஐப்பசிக்கு நான்கு புள்ளி.

“முதலாவது என்ர குசினி” என்றார் மனோன்மணி அக்கா. “சுவரைத் தள்ளிப்போட்டு உப்புச் சாடியை எடுத்தது. மற்றது ரண்டும் வாழை. கடைசியிலது ஒண்டும் செய்யேல்லை, சும்மா வந்து நிண்டது. அதுக்குத்தான் கூடப் பயந்தனாங்கள்.”

கார்த்திகை வரச் சுணங்கியது. லப்டொப் உள்ளே எதையோ அரைத்துக்கொண்டிருந்தது. முதல் கூட்டத்தில் எறும்பு என்று கேட்ட அதிகாரி கதிரையை முன்னால் இழுத்தார். அடுத்தது குளக்கட்டுப் பக்கம்தான் வரும் என்றார். இல்லை, கோயிலடி என்றார் மனோன்மணி அக்கா. இன்னொருவர் அதிகாரியின் பக்கம் சேர்ந்தார். எல்லோரும் திரையையே பார்த்திருந்தோம். கோயிலடியில் விழுந்தது. சிரிப்பு வந்தது. அடுத்த மாதத்துக்கு ஆளுக்கொரு இடம் சொன்னார்கள். மூன்றாம் நான்காம் மாதமளவில் அவர்கள் சொன்ன இடங்கள் சரிவரத் தொடங்கின. யானை எந்த வழியாக வரும் என்று அந்த அதிகாரிகளுக்கு விளங்கிவிட்டது, யாரும் விளங்கப்படுத்தவில்லை.

மாசி மாதத்துக்கு ஒரேயொரு புள்ளி. வீடுகளிலிருந்து வயலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில்.

“இது என்ன சேதம்?” என்று கேட்டார் தலைவர்.



“அது எங்கட சிவலிங்கம் அண்ணை” என்றார் மனோன்மணி அக்கா.

அடுத்த மாதம் எங்கே விழும் என்று யாரும் சொல்லவில்லை. படம் தன்பாட்டில் வந்துகொண்டிருந்தது. கடைசிப் புள்ளி விழுந்தபோது வீதியோரம் வேலி போட நினைத்த கோட்டைத் தலைவர் தானே எழுந்துபோய் விரலால் திரையில் காட்டி, அது எங்கே போகவேண்டும் என்று விளாத்திமோட்டைக்குப் பின்னால் இன்னொரு கோடு கீறினார். அப்படியே சிபாரிசு எழுதப்பட்டது. இனி மாவட்டக் கூட்டத்தில் அது நிறைவேறவேண்டும்.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி விட்டிருப்பான். நான் மெமரியை விடவில்லை.

கதிர்காமு அண்ணர் தான் எழுதியதைத் தானே அழிப்பதாகச் சொல்லித் தகட்டை வாங்கிக்கொண்டார். பஞ்சும் பழைய பல்துலக்கும் பிரஷும் தின்னருமாக நான்கு நாள் இருந்தார். எழுதியதில் எவ்வளவு கவனமோ அழித்ததிலும் அவ்வளவு கவனம். தங்கம் கழன்ற பல் ஒன்றுக்கும் உதவாத பல்லாக இருந்திருக்கவேண்டும். தகடு வேலை செய்தது. இலக்கத்தைச் சின்னத் துண்டில் எழுதி உறையில் ஒட்டினோம். அறிவித்தலுக்கு ஒரு திருத்தமும் எழுதினேன். லப்டொப் இளமையாகிவிட்டது. அதே வரைபடம் ஒரு நிமிடத்துக்குள் வந்து நின்றது. நான் அதை வருவோர் போவோருக்கெல்லாம் திறந்து காட்டினேன்.

மாவட்டக் கூட்டம் பெரிய மண்டபத்தில், பெரிய மேசை. நானும் துணைக்குப் போனேன். யசிந்தா பொத்தானை அழுத்தினார். காடு, குளம், கூரை, இருநூறு சொச்சம் புள்ளியும் ஒரே மூச்சில் வந்தன. தலைமை வகித்தவர் பார்த்தார். “வடிவான படம்” என்றார். பிரிவிலிருந்து வந்த சிபாரிசை ஒருவர் வாசித்தார். வீதியோரம் என்றால் செலவு குறைவு என்று இன்னொருவர் சொன்னார். மனோன்மணி அக்கா எழுந்து இரண்டாவது வசனத்தைத் தொடங்கும்போது தேநீர் வந்தது. ‘மேலும் ஆராய்ந்து அடுத்த மாதம் முடிவெடுக்கப்படும்’ என்று குறித்தார்கள். அந்த வசனத்துக்கு என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். அதை நானே பலமுறை எழுதியிருக்கிறேன்.

ஒட்டுசுட்டான் பஸ்ஸில் திரும்பிவந்தோம். மனோன்மணி அக்கா முன் இருக்கையில் இருந்து தூங்கிவிட்டார். யசிந்தா மடியில் லப்டொப்பை வைத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“சேர், இந்தப் புது மெமரியைக் கழட்டித் தரேலுமோ?”

பகிடி என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் பகிடி இல்லை.

நான் தொழில் தெரிந்தவன் அல்லவா. மெமரி இருக்கட்டும், மாதங்களை மறைத்துவைத்து ஒவ்வொன்றாக நீயே திறந்து காட்டலாமே, அதே பலன்தானே என்று விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டார்.

“அது நான் காட்டுறது சேர். காட்டினால் அவை பாப்பினம். வராமல் நிண்டால்தான் தேடுவினம்.”

வாழ்நாளில் எத்தனையோ இயந்திரங்களை வேகமாக்கியிருக்கிறேன். அந்த வேகத்தால் யாருக்கு என்ன ஆகிறது என்று பார்க்க ஒருமுறையும் நின்றதில்லை. வேலை முடிந்தது என்று கையெழுத்து வைத்துவிட்டுப் போய்விடுவேன். உங்களில் பலரும் அப்படித்தான் செய்வீர்கள். செய்யுங்கள், ஆனால் வாரத்தில் ஒருநாளாவது உங்கள் இயந்திரத்தைப் பாவிப்பவருக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

மறுநாள் கழற்றினேன். பொருத்திய பாகத்தைக் கழற்றுவதற்கும் படிவம் உண்டு. அதில் ‘கழற்றுவதற்கான காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. பழுது, காலாவதி, இடமாற்றம் என்று மூன்றுதான் வழக்கமாக எழுதுவார்கள். எதுவும் பொருந்தவில்லை. அரை மணித்தியாலம் யோசித்துவிட்டு, ‘வேகம் அதிகமாக இருந்தமை’ என்று எழுதினேன். பிறகு வந்த கணக்காய்வுக்காரர்கள் அந்த வரியை வட்டமிட்டு விளக்கம் கேட்டார்கள். விளக்கம் மூன்று பக்கம். அதுதான் என் சேவைக்காலத்தில் நான் எழுதியவற்றுள் ஆகச் சிறந்தது. அதை யாரும் முழுக்க வாசித்ததாகத் தெரியவில்லை.

அடுத்த மாவட்டக் கூட்டத்தில் வெள்ளைத் திரை பழையபடி வந்து நின்றது. தலைமை வகித்தவர் மணிக்கூட்டைப் பார்த்தார். போன மாதம் சட்டென்று வந்ததே என்று கேட்டார். யசிந்தா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வருது சேர் என்றார். முதல் சதுரம் வந்தது. மனோன்மணி அக்கா பெரிய மோட்டையிலிருந்து தொடங்கினார். தேநீர் வந்தபோது, படம் முடியட்டும் என்று தலைமை வகித்தவர் கையைக் காட்டிக் கொண்டுவந்தவரைத் தட்டோடு நிற்பாட்டினார். மாசிமாதப் பாதையில் அந்த ஒற்றைப் புள்ளி விழுந்ததும், அது யார் என்று அவரே கேட்டார். பதிலைக் கேட்டபின் அந்த ஆளுக்குப் பிள்ளைகள் உண்டா என்றும் கேட்டார். மூன்று பேர் என்று பதில் வந்தது. கடைசிப் புள்ளி விழுந்தபோது தேநீர் ஆறிப்போயிருந்தது.

வேலி விளாத்திமோட்டைக்குப் பின்னால் போவதென்று அந்த மேசையிலேயே முடிவெடுத்துக் கையெழுத்தும் வைத்தார்கள்.

எல்லோரும் எழும்பும்போது தலைமை வகித்தவர் யசிந்தாவின் பக்கம் வந்தார். லப்டொப்பைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“பாவம் பிள்ளை, இதோட எப்பிடி வேலை செய்யுறீர்? உம்மட அலுவலகத்துக்குப் புதுசு ஒண்டு தரச்சொல்லி நாளைக்கே எழுதுறன்.”

யசிந்தா வயரைப் பிடுங்கினார். திரை அந்த நொடியே அணைந்தது.

“நன்றி சேர்” என்றார். “முதலில வேலியைப் போட்டுத் தாங்கோ. லப்டொப் ஆறுதலா வரட்டும்.”